பிளாஸ்திரி ஒட்டிய பக்கம்

நடந்தவை, வரிசைப்படி:

1. 1999. பெரம்பலூரில் பாலிடெக்னிக் கடைசி வருடம். ஆய்வகத்தின் மூலையில் கிடந்த ஒரு ரெக்கார்ட் பிளேயரைக் கழற்றிப் பார்க்கச் சொன்னார்கள். கழற்றியதோடு நிறுத்தாமல் அதை ஓடவும் வைத்தேன்.

2. சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஒரு தட்டு வேண்டும். அரியலூர் ரயிலடிப் பக்கம் பழைய இரும்புக் கடையில் ஒன்று கிடைத்தது. சின்னத் தட்டு. நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று. பக்கத்துக்கு ஒரு பாட்டு.

3. அதில் மூன்று பெண்கள் சேர்ந்து பாடினார்கள்.

4. அதற்குப் பிறகு, அறுபதுகளில் வந்த சின்னத் தட்டுகளில் பெண்கள் இருவரோ மூவரோ கூட்டமாகவோ பாடியவற்றை மட்டும் தேடிச் சேர்த்தேன். வேறு எதையும் வாங்குவதில்லை.

5. 2004இல் உடையார்பாளையத்தில் ஒரு மைக் செட் கடைக்காரர் தன்னுடைய தட்டுகளை மொத்தமாக விற்கப்போவதாகத் தெரிந்தது. போனேன்.

6. நான் நான்கு வருடமாகத் தேடிய தட்டு அங்கே இருந்தது. அதன் ஒரு பக்கத்தில் குறுக்கே இரண்டு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

ஆறாவதைப் பற்றித்தான் எழுத வேண்டும். மற்றவை அங்கே போய்ச் சேர்ந்த வழி.

பெண்கள் சேர்ந்து பாடிய தட்டு என்று ஏன் வரையறை வைத்தேன் என்று கேட்டவர்கள் உண்டு. முதலில் அது வெறும் பயிற்சியாகத்தான் இருந்தது. அந்த முதல் தட்டில் மூன்று குரல்கள் ஒரே மைக்கின் முன் நின்று பாடுகின்றன. ஒருத்தி பக்கத்தில் நிற்கிறாள், ஒருத்தி அரையடி தள்ளி, மூன்றாமவள் பக்கவாட்டில். கண்ணை மூடிக் கேட்டால் யார் எங்கே நிற்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். யார் முதலில் மூச்சு வாங்குகிறாள், யார் கடைசி எழுத்தைக் கொஞ்சம் கூடுதலாக இழுக்கிறாள் என்பதும் கேட்கும். அளவு பார்க்கிற வேலையில் பழகிய எனக்கு அது பிடித்துப்போயிற்று. பிறகு பாட்டே பிடித்துப்போயிற்று. பொங்கலுக்குத் தோழிகள் பாடுவது, குளக்கரையில் கேலி பேசிப் பாடுவது, கல்யாணப் பெண்ணைச் சுற்றி நின்று பாடுவது. லேபிளில் ஒரு பாடகியின் பெயரோ இருவரின் பெயரோ இருக்கும். மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து ‘குழுவினர்’.

படிப்பு முடிந்து அதே பாலிடெக்னிக்கில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தேன். வீடு அரியலூரில். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போகும் பஸ்ஸில் தினமும் போய்வருவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தட்டு தேடல். நான் புதிதாக ஒரு தட்டைக் கொண்டுவரும்போதெல்லாம் அம்மா அடுப்படியிலிருந்தே கேட்பார்.

“இன்னொண்ணு வந்துட்டாளா? ஊருல பொண்ணுங்க கல்யாணத்துக்கு எவர்சில்வர் தட்டு சேக்குதுங்க. எனக்குப் பொறந்தது சோறு போட்டாக் கூட நிக்காத தட்டா பாத்து சேக்குது.”

“இது வளையாது, நெளியாதும்மா.”

“வர்ற மாப்பிள்ளகிட்ட அதச் சொல்லு. சந்தோஷப்படுவான்.”

பழைய இரும்புக் கடைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். எனக்கு என்ன வேண்டும் என்பதை மூன்றாவது தடவையிலேயே புரிந்துகொண்டார். எடைக்கு வரும் மூட்டைகளில் தட்டு இருந்தால் தனியே எடுத்து வைப்பார். “பொம்பளைங்க கூட்டமா பாடுறது ரெண்டு வந்திருக்கும்மா. ஆம்பள பாடுறத ஒனக்கு வேணாம்னு ஓரமா வச்சிட்டேன்” என்பார். அவர்தான் உடையார்பாளையத்து மைக் செட்காரரைப் பற்றிச் சொன்னார். கடையில் இடம் போதவில்லையாம். சீரியல் லைட்டும் ஜெனரேட்டரும் வைக்கப் பெட்டிகளைக் காலி செய்கிறாராம். “எடைக்குப் போடுறேங்குறார். நான்தான் பொறுங்க, ஒரு புள்ள இருக்கு, அது வரட்டும்னேன். சீக்கிரமா போய்ப் பாரு, இன்ஷா அல்லா கெடைக்கும்.”

நான் தேடிய தட்டு ஏன் அரிது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் படம் வெளிவரவே இல்லை. பாட்டுகளை முதலில் பதிந்து, தட்டும் போட்டுவிட்டார்கள். பிறகு படம் பாதியில் நின்றது. படம் வராததால் ரேடியோவிலும் பாட்டு வரவில்லை. அச்சடித்த கொஞ்சம் தட்டுகள் மைக் செட்காரர்களுக்கு மலிவாகப் போயின என்று ஒரு பழைய பாட்டுப் பிரியர் சொல்லிக் கேட்டிருந்தேன். ஒரு பக்கம் இரண்டு பெண்கள் பாடும் திருவிழாப் பாட்டு. மறுபக்கம், கல்யாணமாகி ஊரை விட்டுப் போகும் பெண்ணைத் தோழிகள் வழியனுப்பும் பாட்டு. எனக்கு வேண்டியது மறுபக்கம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜெயங்கொண்டம் பஸ்ஸில் ஏறி உடையார்பாளையத்தில் இறங்கினேன். கையில் ஒரு பை. அதில் புது ஊசி, சின்ன ஸ்குரூ டிரைவர், பஞ்சு, சுற்றும் வேகத்தைப் பார்க்கிற கோடு போட்ட வட்ட அட்டை. எங்கே தட்டு வாங்கப் போனாலும் இவை இருக்கும்.

கடையும் வீடும் ஒன்றுதான். முன்பக்கம் குழாய் ஸ்பீக்கர்கள் கவிழ்ந்து கிடந்தன. மைக் செட்காரருக்கு அறுபது இருக்கும். வாயில் வெற்றிலை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“பாய் சொன்ன புள்ள நீதானா? நான் என்னமோ கண்ணாடி போட்ட பெரிய மனுசி வருவாங்கன்னு இருந்தேன். உக்காரும்மா. எல்லாம் அந்தப் பெட்டியில இருக்கு. பாத்து எடுத்துக்க.”

பெட்டியில் தட்டுகள் உறை இல்லாமல் அடுக்கியிருந்தன. பல லேபிள்களில் குங்குமப் பொட்டு. சிலவற்றில் மையால் போட்ட பெருக்கல் குறி. ஐந்தாறு தட்டுகளின் ஒரு பக்கத்தில் பிளாஸ்திரி. காயத்துக்கு ஒட்டுகிற அதே துணிப் பிளாஸ்திரி.

“பொட்டு வச்சது மொதப் பாட்டு. பெருக்கல் போட்டது கீறல் விழுந்தது. பிளாஸ்திரி போட்டது சோகம்” என்றார். “கல்யாண வூட்ல விடியக்காலம் நாலு மணிக்கே பாட்டப் போட்டாவணும். தூக்கக் கலக்கத்துல பக்கம் மாத்தி வச்சிருவோம். ஒரு தடவ தாலி கட்டுற நேரத்துல, பொண்டாட்டி செத்துப்போனவன் பாடுற பாட்டு ஓடிடுச்சி. மாப்ள வூட்டுக்காரன் மரத்துல ஏறி கொழாயக் கழட்டி வயக்காட்டுல வீசிட்டான். அன்னியிலேந்து, சோகப் பாட்டு இருக்குற பக்கத்துல பிளாஸ்திரி. ஊசி வச்சாலும் ஓடாது.”

நான் தேடியது பெட்டியின் அடியில் இருந்தது. திருவிழாப் பாட்டுப் பக்கம் தேய்ந்து சாம்பல் நிறமாகியிருந்தது. திருப்பினேன். வழியனுப்பும் பாட்டின் மேல் இரண்டு பிளாஸ்திரி, லேபிளின் மேல் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓரம்வரை ஓடின. துணி பழுப்பாகி, பசை கசிந்து கெட்டியாகியிருந்தது. அதை நான் எடுத்த தட்டுகளோடு வைத்தேன்.

“அத வையி.”

உள்ளேயிருந்து வந்த குரல். மைக் செட்காரரின் மனைவி நிலைப்படியில் நின்றிருந்தார். ஐம்பது தாண்டியவர். கையில் பாதி உரித்த வெங்காயம்.

“மத்தத எல்லாம் எடுத்துக்க பாப்பா. அத நான் கேக்காம குடுக்க மாட்டேன்.”

மைக் செட்காரர் சிரித்துவிட்டார். “ஆரம்பிச்சிட்டா. அது இவ பாடுன பாட்டும்மா. மெட்ராஸ்ல பொறந்தவ. இவங்கப்பா சினிமாவுல தபலா வாசிச்சாரு. பதினஞ்சு வயசுல போயி கோரஸ் பாடிட்டு வந்திருக்கா. பாட்டுக்கார பொண்ணு, தட்டுல பாடுன பொண்ணுன்னு சொல்லித்தான் எங்க தலையில கட்டுனாங்க. வந்தன்னியிலேந்து ஒரு தாலாட்டு பாடி நான் கேட்டதில்ல.”

“உங்க கொழாய்ச் சத்தத்துல நான் பாடி யாருக்குக் கேக்கப் போவுது?”

“இத்தனை வருசத்துல அந்தப் பக்கத்த ஒரு தடவ கேட்டிருக்கியா நீ?”

“அதான் இப்பக் கேக்குறேங்குறேன்.”

பிளாஸ்திரியை எடுக்க முடியுமா என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார். முடியும் என்றேன். பசை போகும், ஆனால் கொஞ்சம் கரகரப்பு மிச்சமிருக்கும் என்றும் சொன்னேன். தேங்காய் எண்ணெய், ஒரு பாக்கெட் ஷாம்பு, பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் வேண்டும். குழாய்த் தண்ணீர் காய்ந்தால் உப்புப் படியும். பேட்டரித் தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது. மைக் செட்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வாங்கப் போனார்.

நாங்கள் இருவரும் கூடத்தில் உட்கார்ந்தோம். பிளாஸ்திரியின் மேல் எண்ணெய் விட்டு ஊறவைத்தேன். ஓரத்தைத் தூக்கி, இழுக்காமல், மெதுவாகச் சுருட்டிக்கொண்டே வந்தேன். துணி வந்துவிட்டது. பசை தங்கியது. தட்டில் ஊசி ஓடும் வரிகளின் போக்கிலேயே விரல் நுனியால் சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் அழுக்கு வரிக்குள் இறங்கிவிடும். அதைச் சொன்னதும் அவரும் வெங்காயக் கையைக் கழுவிவிட்டு வந்து மறு ஓரத்தில் தேய்க்க ஆரம்பித்தார்.

“பாப்பா, ஒண்ணு சொல்றேன். அவருகிட்ட சொல்லாத. பிளாஸ்திரி ஒட்டச் சொன்னது நான்தான்.”

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அவரு, எங்க மாமியார் சொல்லி ஒட்டுனதா நெனைக்கிறாரு. நான்தான் அத்தைகிட்ட போயி, இது பொண்ணு அழுவுற பாட்டு, கல்யாணத்துல போட்டா ஆவாதுன்னு சொன்னேன். அத்தை அவருகிட்ட சொல்லிட்டாங்க.”

பிறகு காரணத்தைச் சொன்னார். அந்தப் பாட்டின் நடுவே ஒரு வரியை ஒருத்தி மட்டும் தனியாகப் பாட வேண்டும். கல்யாணப் பெண் திரும்பிப் பார்க்கும்போது கூட்டத்திலிருந்து ஒரு தோழி கூப்பிடுகிற வரி. பதிவன்று அதை இவர் பாடினார். எல்லோரும் நன்றாக இருந்தது என்றார்கள். பிறகு, எதற்கும் இன்னொரு தடவை எடுத்து வைப்போம் என்று இன்னொரு பெண்ணைப் பாடச் சொன்னார்கள். இவர் தெருவிலேயே குடியிருந்த பெண். இரண்டில் எது தட்டில் வந்தது என்று கோரஸ் பாடியவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. படமும் வரவில்லை. அதற்குள் கல்யாணப் பேச்சு வந்தது. அப்பா பெருமையாக, தட்டில் தனியாகப் பாடிய பெண் என்று சொல்லிவிட்டார்.

“இங்க வந்தா, மொத வாரமே அந்தத் தட்ட வாங்கி வச்சிருக்காரு. எல்லாரையும் கூட்டி உக்கார வச்சுக் கேக்கணும்னு நின்னாரு. அது நான் இல்லன்னா? எங்க அப்பா பேச்சு என்னாவுறது? அதான் ஒட்ட வச்சேன். கேக்காத வரைக்கும் நான்தான். நீ எடுத்துக்கிட்டுப் போனா கேப்ப. வேற யாரோ கேட்டுட்டு நான் கேக்காம இருக்குறதா? அதுக்கு நானே கேட்டுடுறேன்.”

மைக் செட்காரர் தண்ணீருடன் வந்தார். நுரை போகக் கழுவி, ஈரம் ஒற்றி, தட்டை நிறுத்திவைத்தோம். அது காய்வதற்குள் சாப்பிட்டே ஆக வேண்டும் என்றார்கள். கருவாட்டுக் குழம்பு. அந்த அம்மா பரிமாறினாரே தவிர சாப்பிடவில்லை. “பரீட்சைக்குப் போறவ மாதிரி இருக்கா பாரு” என்று அவர் கேலி செய்தார்.

அவருடைய பழைய பிளேயரையே கூடத்துக்குக் கொண்டுவந்தார். ஊசியை மாற்றினேன்; தூசி துடைக்கச் சுற்றும் வட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டினேன். மோட்டார் தண்டில் ஒயர் சுற்றும் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. தண்டு தடித்தால் தட்டு வேகமாகச் சுற்றும். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் தட்டை வைத்து ஊசியையும் இறக்கிவிட்டார்.

முதலில் கரகரப்பு. பிளாஸ்திரி இருந்த இடம் வரும்போதெல்லாம் சட்டியில் கடுகு பொரிகிற மாதிரி ஒரு சத்தம். அதைத் தாண்டிக் குரல்கள் தெளிவாக வந்தன. அதுவரை ஊசியே படாத பக்கம். முதல் சரணம் போயிற்று. வாத்தியங்கள் நின்றன. ஒரு பெண் குரல் தனியாக, மெல்லியதாக, அந்த ஒற்றை வரியைப் பாடியது. பிறகு எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்.

“நீதான்!” என்று அவர் தொடையில் தட்டினார். “அடேங்கப்பா, என்னா கொரலு! இதப் போயி மூடி வச்சிருந்தோமே.”

அந்த அம்மாவின் முகம் சிவந்திருந்தது. சிரிப்பும் வந்தது. “இன்னொரு தடவ வையுங்க” என்றார்.

இரண்டாம் முறை கேட்கும்போது சுட்டுவிரலால் தரையில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார். ஒற்றை வரி வந்து போனது. விரல் நின்றுவிட்டது.

“ஏங்க, உங்க மிஷினு ஓடுது.”

“ஓடாம பின்ன?”

“வேகமா ஓடுதுங்குறேன். சுருதி ஏறிக் கெடக்கு. நாங்க பாடுனது அஞ்சரை கட்டை. இது ஆறுல நிக்குது.”

அவர் என்னைப் பார்த்தார். நான் வட்ட அட்டையைத் தட்டின் மேல் வைத்து ட்யூப் லைட்டின் கீழ் சுற்றவிட்டேன். சரியான வேகமென்றால் கோடுகள் நின்றது போலத் தெரியும். அவை முன்னால் ஓடிக்கொண்டிருந்தன.

“டேப் சுத்தியிருக்குங்கய்யா” என்றேன்.

“நான்தான் சுத்துனேன். இழுவையா ஓடுனா கல்யாண வூடு தூங்கிடும். கொஞ்சம் விறுவிறுன்னு போனாத்தான் பந்தியில கூட்டம் நவுரும்.” பிறகு குரலைத் தாழ்த்தி மனைவியிடம் சொன்னார். “விடேன். இப்படியே நல்லாத்தான இருக்கு?”

“கழட்டுங்க.”

“இத்தனை வருசம் ஓடுன மிஷினு...”

“பாப்பா, நீ கழட்டு.”

நான் டேப்பைப் பிரித்து, தண்டைத் துடைத்து, மறுபடி அட்டையை வைத்துப் பார்த்தேன். கோடுகள் நின்றன. ஊசியை நானே இறக்கினேன்.

பாட்டு வேறு மாதிரி இருந்தது. அவசரமில்லை. ஒவ்வொரு குரலுக்கும் உடம்பு வந்திருந்தது. முன்பு ஒரே கூட்டமாகக் கேட்டது இப்போது நாலைந்து பெண்களாகப் பிரிந்து நின்றது. ஒற்றை வரி வந்தது. அந்தக் குரல் மெல்லியதாக இல்லை. கொஞ்சம் கனம் இருந்தது, அடியில் ஒரு கரகரப்பும்.

பாட்டு முடிந்து ஊசி உள்வட்டத்தில் தட்டிக்கொண்டிருந்தது. யாரும் எடுக்கவில்லை.

“அது அவ” என்றார் அந்த அம்மா.

“எவ?”

“எங்க தெருப் பொண்ணு. ரெண்டாவது பாடுனவ.”

“உனக்கு எப்படித் தெரியும்? எத்தனை வருசம் ஆச்சு. உனக்கே உன் கொரலு மறந்திருக்கும்.”

“என் கொரலு எனக்கு மறக்குமா? எனக்கு இம்புட்டு கனம் கெடையாது. அது நான் இல்லைங்க.” பிறகு, “பிளாஸ்திரி ஒட்டச் சொன்னதும் அத்தை இல்ல. நான்தான்” என்றார். என்னிடம் சொன்னதையெல்லாம் அவரிடமும் சொன்னார். என்னிடம் சொன்னதைவிடச் சுருக்கமாக.

அவர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். முடிந்ததும் வாசலில் போய்த் துப்பிவிட்டு வந்தார்.

“அப்ப எங்கம்மாவ நான் இத்தினி வருசமா சும்மாவா திட்டிக்கிட்டு இருந்தேன்? நல்ல தட்டக் கெடுத்துட்ட கெழவின்னு, தெவசம் குடுக்கயில கூட மனசுல ஓடும்டி.”

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார். மைக் செட்காரர் ஊசியை எடுத்துத் தாங்கியில் வைத்தார்.

“சரி, இன்னொரு தடவ போடவா?” என்று கேட்டார்.

“போடுங்க.”

இந்தத் தடவை அந்த அம்மா ஒற்றை வரிக்காகக் காத்திருக்கவில்லை. கோரஸ் ஆரம்பித்ததும், “இதோ, இந்தப் பக்கம் நிக்கிறது நானு. எனக்கு இடப்பக்கம் அவ. கேக்குதா பாப்பா?” என்றார். கேட்டது. ஒரு குரல் மற்றவர்களுக்கு ஒரு இம்மி முன்னால் மூச்சு வாங்கியது. அதைத்தான் அவர் காட்டினார்.

தட்டை எனக்குத் தர மாட்டேன் என்று அவராகவே சொன்னார். “அவளும் இருக்கா, நானும் இருக்கேன். எங்க ரெண்டு பேருக்கும் போட்டோ கூட கெடையாது. நீ தப்பா நெனைக்காத.” நான் நினைக்கவில்லை. ஆசை இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். கேசட்டில் பதிந்துகொள்ளட்டுமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, “வேணாம். கேக்கணும்னா இங்க வா. கேட்டுட்டு, சாப்புட்டுட்டுப் போ” என்றார்.

மற்ற தட்டுகளைப் பழைய வேட்டியில் சுற்றிக் கட்டிக் கொடுத்தார்கள். பிளாஸ்திரி ஒட்டிய மற்ற தட்டுகளை நான் எடுக்கவில்லை. அவை ஆண்கள் பாடிய சோகப் பாட்டுகள். பஸ் நிறுத்தம் வரை மைக் செட்காரர் மூட்டையைத் தூக்கி வந்தார். வழியில் ஒரு தடவை மட்டும் பேசினார்.

“அவ கொரலு எனக்கு எப்படித் தெரியும் சொல்லு. பாடிக் கேட்டிருந்தாத்தான? நான் சும்மா அடிச்சி விட்டேன். அவ ஒத்துக்கல.”

பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன்.

இது 2007. வழியனுப்பும் பாட்டின் தட்டு உடையார்பாளையத்தில் அவர்கள் வீட்டு பீரோவில், நான் தைத்துக் கொடுத்த துணி உறையில் இருக்கிறது. அந்த வீட்டு பிளேயர் நாற்பத்தைந்து சுற்றில் சரியாக ஓடுகிறது. போன மாதம்தான் அட்டை வைத்துப் பார்த்தேன். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை போகிறேன். போகும்போதெல்லாம் ஒரு தடவை கேட்கிறோம். அந்த ஒற்றை வரியைப் பாடிய பெண் இப்போது எங்கே இருக்கிறார் என்று எங்கள் மூவருக்கும் தெரியாது. வேறொரு பிரதி எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.